இரட்டைத் தேக்சா

தெற்குவாசல் நைனா முகமது ராவுத்தரிடம் துணி எடுத்து ஏமாறவில்லை என்று சொல்பவர்கள் மதுரையில் உண்டு. ஏமாந்தது அவர்களுக்கு இன்னும் தெரியாது, அவ்வளவுதான். விளக்குத்தூண் பக்கம் அவருடைய ஜவுளிக்கடை. காலையில் பலகையைக் கழற்றியதும் திறக்கிற வாய், விளக்கு வைக்கிற நேரம்வரை மூடாது. சீமைத்துணி மறியல் நடந்தபோது தொண்டர்கள் கடைவாசலில் குறுக்கே படுத்துக் கிடந்தார்கள். மற்ற கடைக்காரர்கள் முறைத்தார்கள், கெஞ்சினார்கள். ராவுத்தர் ஒரு மணைப்பலகையைப் போட்டுப் படுத்துக் கிடந்தவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, பேசிப் பேசியே அவர்களில் இரண்டு பேருக்குக் கதர்த்துண்டு விற்றார்.

அந்த வாய் வீட்டில் செல்லாது. கடையைச் சாத்திக்கொண்டு வந்தால், அம்புட்டுப் பேச்சும் செருப்போடு சேர்ந்து வாசலிலேயே கழன்றுவிடும். மனைவி பக்ருன்னிசா இறந்து இரண்டாவது வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் இல்லை. காலையில் ஒச்சாயி வந்து கூட்டிப் பெருக்கிவிட்டுப் போவாள். சாப்பாடு ஒரு கிளப்புக் கடையிலிருந்து அடுக்குச் சட்டியில் வரும். ராவுத்தர் ஒவ்வொரு அடுக்காகக் கழற்றி வைத்து, மூடி திறந்து, இன்றைக்கு என்ன என்று பார்ப்பார். நேற்றைக்கு இருந்ததுதான் இருக்கும்.

தயிர்க்காரி முனியாயியிடம் அவர் தினமும் பேரம் பேசினார். தயிர் மேல் ஆசை இல்லை. பேரம் நீண்டால் வாசலில் ஒரு ஆள் கொஞ்ச நேரம் கூட நிற்குமே என்றுதான். முனியாயி லேசுப்பட்டவளா? சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டாள். அவர் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொள்வாள்.

"நீங்க சொல்றதுதான் வெலை ராவுத்தரே. இன்னும் நாலு தெரு இருக்கு. ஊத்தவா?"

ஊற்றிவிட்டுப் போய்விடுவாள். வாழ்நாளெல்லாம் பேரத்தில் ஜெயிக்கவே ஆசைப்பட்ட மனுஷருக்கு, இப்படி ஒரு ஜெயிப்பு.

பக்ருன்னிசா இருந்தவரைக்கும் முகைதீன் மாசத்தில் அந்த வீட்டில் கந்தூரி விருந்து நடக்கும். அது அவள் வைத்த நேர்ச்சை. தேக்சா என்கிற செம்புப் பானை ஒன்று நிறைய நெய்ச்சோறு, கறிக்குழம்பான ஆணம், தால்ச்சா. வாடிப்பட்டியிலிருந்து அவளுடைய அண்ணன் சேக் இஸ்மாயில் குடும்பத்தோடு முதல்நாளே வந்து இறங்குவார். சோற்றைச் சகனில், அதாவது பெரிய தட்டில், கொட்டி, ஒரு சகனுக்கு நாலு பேராகச் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுவார்கள். நல்ல துண்டு தன் பக்கம் கிடந்தால் அதை எதிரே இருக்கிறவர் பக்கம் தள்ளி வைப்பது மரியாதை. ஒவ்வொருவரும் தள்ளித் தள்ளி, கடைசியில் அந்தத் துண்டு ஊரெல்லாம் சுற்றி, வெட்கம் கெட்டவர் யாரோ அவர் வாய்க்குள் போகும்.

அவள் இறந்த பிறகு வந்த முதல் கந்தூரியை ராவுத்தரே எடுத்து நடத்தினார். எப்போதும்போல ஒரு தேக்சா. ஆனால் அவள் போன பிறகு நடக்கிற முதல் கந்தூரி என்று, அவளைத் தெரிந்தவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். கடைசிப் பந்தியில் இஸ்மாயிலும் வாடிப்பட்டிக்காரர்களும் உட்கார்ந்திருந்தபோது உள்ளே கரண்டி தேக்சாவின் அடியைச் சுரண்டியது. கரகரவென்று அந்தச் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. இஸ்மாயில் தலையைத் தூக்கினார். மெல்ல எழுந்தார். "வாரேன் மாப்ள" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பின்னாலேயே அவருடைய ஆட்களும்.

அதோடு சரி. பெருநாளைக்கு வரவில்லை. கடைக்குக்கூட யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லியிருந்தால் ராவுத்தர் பத்து வார்த்தை சொல்லிச் சரிக்கட்டியிருப்பார். சொல்லாத வார்த்தைக்கு யார் பதில் சொல்வது? அவர் தினமும் ராத்திரிச் சாப்பாட்டின்போது அந்தக் கரண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். உலகத்தில் அவரை முறை சொல்லிக் கூப்பிட மிச்சமிருந்த ஒரே வீடு அது. சோறு பற்றாமல் அதை இழந்துவிட்டதாக அவருக்குக் கணக்கு.

கணக்கு அப்படியென்றால் தீர்வும் கணக்கில்தானே இருக்க வேண்டும். இந்த வருஷம் இரட்டைத் தேக்சா. மச்சான் கடைசிச் சகனில் உட்கார்ந்து, போதும் போதும் என்று கையால் மறித்து, அதற்கு மேலும் ஒரு கரண்டி விழ வேண்டும். மச்சான் வந்து அந்தக் கூடத்தில் உட்கார வேண்டும். ராவுத்தருக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

பக்ருன்னிசாவின் தேக்சாவை ஜட்காவில் ஏற்றி வெண்கலக்கடைத் தெருவில் சொக்கன் ஆசாரியின் பட்டறைக்குக் கொண்டுபோனார்.

"இதுக்கு இரட்டையா ஒண்ணு அடிக்கணும் ஆசாரி."

"சோறு ரெண்டு பங்கு வேகணுமா?"

"பின்னே, நெருப்பா வேகும்? சோறுதான்."

ஆசாரி தேக்சாவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "உசரத்துல ஒரு நாலஞ்சு விரல், வாயில ஒரு நாலஞ்சு விரல் கூட்டினாப் போதும். குத்துமதிப்பா ரெண்டு பங்கு ஏறிரும்."

ராவுத்தர் சிரித்தார். நாலு விரல் விவகாரத்தில் அவர் கரை கண்டவர். கடையில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை 'நாலு விரல் முன்னப்பின்ன இருக்கும், பெரிசு பண்ணாதீங்க' என்று சொல்லியிருப்பார்! அந்த நாலு விரலைக்கொண்டு ஒரு வீடே கட்டியிருக்கிறார். அவரிடமே இன்னொருத்தர் நாலு விரலைக் காட்டினால்?

"நாலு விரலைக் கூட்டிட்டு இரட்டைன்னு சொல்லுவீரு. நான் தலையாட்டிட்டுப் போகணும். நான் பொறந்ததே துணிமூட்டை மேலய்யா!" கையோடு கொண்டுவந்த கஜக்கோலை எடுத்தார். "பாரும். முக்கால் முழம் உசரமா? ஒண்ணரை முழம் ஆக்கும். முக்கால் முழம் வாயா? அதையும் ஒண்ணரை ஆக்கும். இதுக்குப் பேரு இரட்டை."

"அது இரட்டை இல்ல ராவுத்தரே. எம்புட்டு வரும்னு எனக்குச் சொல்லத் தெரியல. ஆனா பெரிசா வந்து நிக்கும்."

"நிக்கட்டும். நீர் அதைப் படுக்கவைக்கப் பாக்காதீரு."

ராவுத்தரைக் குற்றம் சொல்லிப் புண்ணியமில்லை. ஜவுளிக்காரரின் உலகத்தில் அகலம் தறியிலேயே முடிவாகிவிடும். உயரம் என்று ஒன்று கிடையாது. மிச்சமிருப்பது நீளம். நீளத்தை இரட்டித்தால் துணி இரட்டித்தது. ஐம்பது வயசுவரை அப்படி அளந்தே பிழைத்த மனுஷர் பானைக்குள் எட்டிப் பார்க்கும்போது மட்டும் எப்படி மாறுவார்?

செம்பும் கூலியும் எடைக்கு இவ்வளவு என்று பேச்சு. அந்த எடைக்கூலியை ராவுத்தர் அரைப்பொழுது நின்று அடித்துக் குறைத்தார். ஆசாரி இரண்டு தடவை துண்டை உதறித் தோளில் போட்டு, மூன்றாவது தடவை சரியென்றார். தராசில் ஏறப்போகிற செம்பு எவ்வளவு என்பது அவர் மனசுக்குள் ஓடியிருக்கும். தானாக வந்து பெரிய வேலை கொடுக்கிறவரிடம் எத்தனை தடவைதான் வேண்டாம் என்று சொல்வது?

வரும் வழியெல்லாம் ராவுத்தருக்கு ஒரே சந்தோஷம். வாடிப்பட்டிக்குப் போகிற வெற்றிலை வண்டிக்காரனை நிறுத்தி, "மச்சான்ட்ட சொல்லு, இந்த வருஷம் இரட்டைத் தேக்சான்னு" என்று சொல்லியனுப்பினார். தெருவிலும் சொன்னார். கேட்காதவர்களிடமும் சொன்னார்.

தேக்சா வந்து இறங்கியது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். இரண்டு ஆட்கள் முனகிக்கொண்டே இறக்கினார்கள். வாசல்படி தாண்டியது. அடுப்படி வாசலில் விளிம்பும் வளையமும் மாட்டிக்கொண்டு, முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் கொஞ்ச நேரம் நின்றது. கடைசியில் முற்றத்திலேயே வைத்துவிட்டுப் போனார்கள். வீட்டுக்குள் புதிதாக ஒரு ஆள் வந்து உட்கார்ந்தமாதிரி இருந்தது. பருத்த ஆள், பேசாத ஆள்.

ராவுத்தர் அதை முதல் தடவையாகச் சந்தேகத்தோடு பார்த்தார். சந்தேகம் வந்தால் அளந்து பார்க்கிற ஜாதி அவர். பழைய தேக்சா இரண்டு குடம் தண்ணீர் கொள்ளும். இது இரட்டை. ஆகவே நாலு குடம். கிணற்றில் வாளியை விட்டார்.

முதல் குடத்தைக் கவிழ்த்து, "ஒண்ணு" என்றார். தேக்சாவும் "ஒண்ணு" என்றது. திடுக்கிட்டு நிமிர்ந்தார். யாருமில்லை. செம்பு வயிற்றிலிருந்து அவர் குரலே திரும்பி வந்திருக்கிறது. அந்த முற்றத்தில் அவர் சொன்னதற்கு ஒரு பதில் வந்து எவ்வளவு காலம் ஆயிற்று! அடுத்த குடத்துக்குக் கொஞ்சம் உரக்கவே சொன்னார். "ரெண்டு." ரெண்டு, என்றது. "மூணு." மூணு.

நாலாவது குடமும் ஊற்றியாயிற்று. கையை விட்டுப் பார்த்தார். ஒரு சாண் தண்ணீர்கூட இல்லை. அடியில் எங்கேயோ கிடந்தது, ஒரு பெரிய கண்ணில் கொஞ்சம் ஈரம்போல.

மேலும் இறைத்தார். எட்டு. பத்து. இடுப்பு விட்டுப்போனது. தண்ணீர் ஏற ஏறத் தேக்சாவின் குரல் மேலே வந்தது, மெலிந்துகொண்டே வந்தது. பன்னிரண்டுக்குப் பிறகு அது பதிலே சொல்லவில்லை. பதினாறாவது குடத்தில் தண்ணீர் விளிம்பைத் தொட்டு வழிந்தது. ராவுத்தர் கிணற்றடியில் உட்கார்ந்தார். பழையது இரண்டு குடம், இது பதினாறு. இரட்டை இல்லை. எட்டு மடங்கு. ஆசாரி செம்பில் வித்தை காட்டிவிட்டானா? கஜக்கோலை எடுத்து வந்து அளந்தார். உயரம் ஒன்றரை முழம், வாய் ஒன்றரை முழம். ஒரு விரல் கூட இல்லை, குறைய இல்லை. அவர் சொன்னதைத்தான் ஆசாரி அடித்திருக்கிறார்.

ஒன்றை இரட்டித்தால் இரண்டு. அது எப்படி எட்டுக்குப் போயிற்று? அன்றைக்கு அடுக்குச் சட்டியைத் திறக்கக்கூட இல்லை.

மறுநாள் காலையில் கடையில் வாடிக்கை இல்லாத நேரம். சரக்குக் கட்டுகள் வந்து இறங்கியிருந்தன, எல்லாம் ஒரே அளவு. ராவுத்தர் ஒரு கட்டைத் தரையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நீளவாக்கில் இன்னொரு கட்டை வைத்தார். நீளம் இரட்டை, கட்டு ரெண்டு. சரி. இனி அகலமும் இரட்டையாக வேண்டும். பக்கத்தில் ஒரே ஒரு கட்டை வைத்தால் மூலை மொட்டையாக நின்றது. இரண்டு வைக்க வேண்டியிருந்தது. கட்டு நாலு. இனி உயரம். மேலே ஒன்று வைத்தால் மூன்று கட்டுத் தலைக்குமேல் வெற்றிடம். இன்னொரு நாலையும் தூக்கி அடுக்கினார்.

எட்டு.

"அட!" என்று திரும்பினார்.

யாரிடம் சொல்லத் திரும்பினார் என்பது திரும்பிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது. பக்ருன்னிசா இருந்தால் சாயங்காலம் போய் நடுக்கூடத்தில் தலையணைகளை அடுக்கிக் காட்டியிருப்பார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாள். 'ஊரையே அளந்து வித்தவுகளுக்கு ஒரு பானையை அளக்கத் தெரியல' என்றிருப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே இன்னொரு தடவை ஏமாறலாம். ராவுத்தர் எட்டுக் கட்டையும் ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார்.

சமைக்கிற பண்டாரி ஜமீல் வந்து பார்த்தார். தேக்சாவைச் சுற்றி நடந்தார், உள்ளே தலையை விட்டார்.

"மாமு, இதுல நான் சமைக்கவா? இல்ல, பொண்டாட்டி பிள்ளைகளோட உள்ளே குடி வந்துரவா?"

"வேடிக்கை பேசாதே ஜமீலு. ரெண்டு பங்கு சோறு ஆக்கணும்."

"ரெண்டு பங்கு போட்டா இதுல காவாசி. மேல முக்காவாசியும் காத்து. தம் எங்கன நிக்கும்? அடி கருகும், மேல அரிசி முழிச்சுப் பாக்கும். பழைய தேக்சாவையே ரெண்டு தடவை ஏத்தி இறக்குறேன். நம்ம மானமும் தப்பிச்சிரும்."

புத்தியுள்ள பேச்சு. ஆனால் வாடிப்பட்டி வரைக்கும் இரட்டைத் தேக்சா என்று சொல்லியனுப்பியாயிற்று. மச்சான் வந்து, முற்றத்தில் இது காலியாக உட்கார்ந்திருப்பதையும் பழையது அடுப்பில் இருப்பதையும் பார்த்தால்? பானை செய்யத் தெரிந்தது, நிரப்ப மனசில்லை என்றுதானே நினைப்பார்?

"எம்புட்டுப் போட்டா நல்லா வேகும்?"

"கழுத்து வரைக்கும்."

"அப்பக் கழுத்து வரைக்கும் போடு."

"அம்புட்டையும் திங்கிறதுக்கு ஆளு?"

"அது என் பாடு."

அது லேசான பாடாக இருக்கவில்லை. எட்டு மடங்கு சோற்றுக்கு எட்டு மடங்கு வாய் வேண்டும். ராவுத்தருக்குத் தெரிந்த ஜனங்களெல்லாம் வாடிக்கைக்காரர்கள். அளந்து கிழித்துக் கொடுத்தால் போய்விடுகிறவர்கள். அவர்களைத் தேடி இப்போது அவர் நடந்தார். ஜட்கா ஸ்டாண்டுக்குப் போனார். மில்லிலிருந்து ஷிப்டு முடிந்து வருகிறவர்களை ரோட்டோரம் நின்று அழைத்தார். வில்லாபுரத்து வயக்காட்டு வரப்பில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். அங்கே மலையாண்டி மடை திறந்துகொண்டிருந்தான். போன தைக்கு அவரிடம் வேட்டி எடுத்தவன். முதல் துவைப்பிலேயே அது முழங்காலுக்கு ஏறியிருந்தது.

"என்ன ராவுத்தரே, வேட்டிய இழுத்து விட வந்தீங்களா?"

"சாப்பிடக் கூப்பிட வந்தேன்ப்பா. கந்தூரிச் சோறு. வீட்டாளுகளையும் கூட்டிட்டு வா."

மலையாண்டி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தான். "சும்மாவா?"

"சும்மாத்தான்."

"பின்னாடி துணி எதுவும் எடுக்கச் சொல்ல மாட்டீங்களே?"

"சத்தியமா இல்லை."

"அப்ப நாங்க பதினஞ்சு பேரு."

இப்படியே போயிற்று. சும்மா ஒன்றைக் கொடுப்பதற்கு அவர் பட்ட பாடு, எதையும் விற்பதற்குப் பட்டதில்லை. ஒவ்வொருவரும் உள்ளே என்ன சூது என்று துருவித் துருவிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை அவர்தானே இத்தனை வருஷமாக ஊருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

கந்தூரி அன்று தெருவை அடைத்துக் கொட்டகை. விடிகாலையிலேயே புகை கிளம்பிவிட்டது. ஓதி முடித்து, தேக்சாவின் மூடியை நாலு பேர் தூக்கினபோது எழும்பிய நெய் வாசத்தில் தெற்குவாசலே ஒரு கணம் வாயைத் திறந்தது. சகன் சகனாகப் போய்க்கொண்டே இருந்தது. ஜட்காக்காரர்கள், மில்லுக்காரர்கள், மலையாண்டியோடு வந்த பதினஞ்சு பேரும் அவர்கள் வழியில் சேர்த்துக்கொண்ட பத்துப் பேரும். கூடத்தில், முற்றத்தில், மாடிப்படியில், கொட்டகையில், எங்கும் சத்தம். ராவுத்தர் கையில் கரண்டியோடு, "இன்னும் போடு, அந்தப் பக்கம் போடு" என்று சுற்றினார். போதும் போதும் என்று எத்தனையோ கை மறித்தது. அவர் எதிர்பார்த்த கையைத்தான் காணோம். ஒவ்வொரு பந்தி எழும்போதும் அவர் கண் வாசலுக்குப் போய்வந்தது. கூடத்தில் கிழக்குப் பார்த்த இடத்தில் ஒரு சகனை மூடிவைத்து, எலும்பும் ஈரலுமாக நல்ல துண்டாகப் பொறுக்கிப் போட்டு, யாரையும் உட்காரவிடாமல் காத்தார்.

மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு கூட்டம் குறைந்தது. சாப்பிட்டவர்கள் கையைக் கழுவினார்கள், ஏப்பம் விட்டார்கள், "நல்லா இருங்க ராவுத்தரே" என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள். சோற்றுக்கு வந்தவர்கள் சோறு தின்றால் போக வேண்டியதுதானே. யாரையும் குறை சொல்ல இடமில்லை. கொட்டகையில் ஒரு காக்கையும் கொஞ்சம் பருக்கையும் மிச்சம். தேக்சாவின் அடியில் இன்னும் சோறு இருந்தது.

ஜமீல் கேட்டார், "மாமு, நீங்க உக்காரலையே?"

ராவுத்தர் அந்த மூடிய சகனைப் பார்த்தார். நாலு பேர் சுற்றி உட்கார்கிற தட்டில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து யாரும் சாப்பிட்டுப் பார்த்ததில்லை. ஜமீலும் அவருடைய ஆட்களும் முன்னாலேயே முடித்திருந்தார்கள். ராவுத்தர் சகனில் இருந்ததைத் தூக்குச் சட்டியில் அப்படியே கொட்டினார். மேலே இன்னும் இரண்டு கரண்டி சோறு வைத்து அழுத்தி, துணியால் வாயைக் கட்டினார். திண்டுக்கல் ரோட்டில் போகிற பஸ்ஸில் ஏறினார்.

வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்தார். மச்சான் இப்படிச் சொன்னால் அப்படி. அப்படிச் சொன்னால் இப்படி. வாடிப்பட்டியில் இறங்கும்போது அவரிடம் எல்லாக் கேள்விக்கும் பதில் இருந்தது.

சேக் இஸ்மாயில் தன் வீட்டு வாசலில் சாக்கை விரித்து, கொடிக்காலில் பறித்து வந்த வெற்றிலையைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கிப் பார்த்து, "வாங்க மாப்ள" என்றார். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. இன்னொரு சாக்கை இழுத்துப் போட்டார்.

"மச்சான், கழுத்து வரைக்கும் சோறு ஆக்கினேன்."

"முந்தின பஸ்ல வந்தவுக சொன்னாங்க. எட்டு ஊரு தின்னுச்சாமே. நல்ல காரியம்."

"நீங்க வரல."

"ஆமா."

"போன வருஷம் சோறு பத்தலைன்னுதானே மச்சான் கோவம்? அன்னைக்கு ஆளு கூட வந்துட்டாக. நான்…"

இஸ்மாயில் கையிலிருந்த வெற்றிலையோடு அப்படியே பார்த்தார். "எந்தச் சோறு?"

"கரண்டி சொரண்டுச்சே. நீங்க எந்திரிச்சுப் போனீங்களே."

"அதுவா." அவருக்கு ஞாபகம் வர நேரம் பிடித்தது. "எனக்கு அன்னைக்குப் பசியே இல்ல மாப்ள. பக்ரு இல்லாத வீட்டுல மொத மொதல்ல வந்து உக்காந்திருந்தேன். அடுப்படில இருந்து அவ எட்டிப் பாக்க மாட்டாளான்னு இருந்துச்சு. எப்படா எந்திரிப்போம்னு உக்காந்திருந்தேன். கரண்டிச் சத்தம் கேட்டுச்சு. ஒரு சாக்குக் கெடச்சுதுன்னு எந்திரிச்சேன்."

"அப்ப கோவம் இல்லையா?"

"உங்க மேல எனக்கென்ன கோவம்? தங்கச்சி இருந்தா, வந்தேன். இப்ப அங்கே யாரு இருக்கா, வாரதுக்கு?"

ரொம்ப சாதாரணமாகத்தான் கேட்டார். பஸ்ஸில் தயார் செய்து வந்த பதில்களில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை. கோபம் இருந்தால் தணிக்கலாம். குறை இருந்தால் நிரப்பலாம். இங்கே கோபமும் இல்லை, குறையும் இல்லை. எதை வைத்துப் பேரம் பேசுவது? ராவுத்தர், விலை சொல்லத் தெரியாத சரக்கை எடுத்து வைப்பதுபோல, மெதுவாகச் சொன்னார்.

"நான் இருக்கேன் மச்சான்."

இஸ்மாயிலின் விரல்கள் நின்றன. ராவுத்தரின் முகத்தை முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். மனுஷர் இளைத்திருந்தார். சட்டையில் ஒரு பித்தான் இல்லை. இஸ்மாயில் உள்ளே இருந்த மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

"மெஹருன்னிசா! ஒரு சகனு எடு. மாப்ள இன்னும் சாப்பிடல போல."

நாலு பேர் தட்டில் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். சோறு ஆறி நெய் உறைந்திருந்தது. ஓரங்களில் எதிரும் புதிருமாக உட்கார்ந்ததால் நடுவில் ஒரு பெரிய சோற்று மைதானம். இஸ்மாயில் ஒரு வாய் எடுத்து மென்றார்.

"உப்பு கம்மி."

"ஜமீலுக்குக் கை பழகல. எட்டுப் பங்கு அரிசி."

"ரெட்டைன்னுல்ல சொல்லியனுப்புனீங்க?"

ராவுத்தர் கையைத் துடைத்தார். பக்கத்தில் அடுக்கியிருந்த வெற்றிலைக் கட்டு ஒன்றை எடுத்துச் சாக்கின் மேல் வைத்தார். நீளத்துக்கு ஒன்று சேர்த்தார். அகலத்துக்கு இரண்டு. மேலே நாலு. இஸ்மாயில் சோற்றுக் கையோடு குனிந்து, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு மூக்கால் புஸ்ஸென்று சிரித்தார்.

"உசரம், அகலம் எல்லாத்தையும் ரெட்டையாக்கி அடிக்கச் சொன்னீங்களா?"

"ஆசாரி சொன்னாரு. நான் கேக்கல."

"பக்ருட்ட கேட்டிருந்தா அவ சொல்லியிருப்பா. தலையணைக்கு உறை தைக்கிறவளுக்குத் தெரியாதா?" எலும்பு ஒன்று நடுவில் கிடந்தது. இஸ்மாயில் அதை இவர் பக்கம் தள்ளினார். இவர் அவர் பக்கம் தள்ளினார். மூன்று தடவை போய்வந்தது. இடையில் வாங்கித் தின்ன வேறு ஆள் இல்லை. கடைசியில் ராவுத்தரே எடுத்துக்கொண்டார்.

மதுரைக்குக் கடைசி பஸ் வருகிற சத்தம் தூரத்தில் கேட்டது. இஸ்மாயில் ரோடு வரைக்கும் கூட வந்தார். பஸ் நின்றதும், "வெள்ளிக்கிழமை வாங்க மாப்ள" என்றார்.

ராவுத்தர் படியில் காலை வைத்தபடி நின்றார். அது எந்த வகைப் பேச்சு என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஒன்றும் எடுக்காமல் கடையிலிருந்து இறங்குகிறவர்களிடம் அவரும் தினமும் அதையேதான் சொல்கிறார், 'நாளைக்கு வாங்க' என்று. வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி என்கிற 'வாங்க'. மச்சானின் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமென்றால் ரோட்டில் வெளிச்சம் இல்லை.

"வாரேன்" என்றார்.

பஸ் கிளம்பியது. அது எந்த 'வாங்க'வாக இருந்தாலும் வெள்ளிக்கிழமை வந்து இறங்கிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு, காலித் தூக்குச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.